அடக்கி வாசி

"ஏம்மா, நீ வாசிக்கிறது கீபோர்டா, லாரி ஹாரனா?"

செயலாளரம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். கீபோர்டுப் பெண் நிமிரவே இல்லை.

சர்ச்சில் பெரியவர்கள் ஒரு பக்கம், இளசுகள் ஒரு பக்கம். ஆராதனை முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஓட்டம். அது பொறுக்காமல் செயலாளரம்மா ஆரம்பித்ததுதான் இந்தச் சனிக்கிழமைப் பாட்டுக் குழு. ஒரு பெரியவருக்கு ஒரு இளசு ஜோடி. பாட்டு முடிந்ததும் டீ, அரட்டை. பாடக் குரல் வராதவர்களைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் டீ போட அனுப்பிவிடுவார்.

கீபோர்டுப் பெண்ணுக்கு ஜோடி, ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். கீபோர்டை ஒட்டித்தான் அவருக்கு இடம். ஒரு காலத்தில் அவர் பாட ஆரம்பித்தால் பிரசங்கத்தில் தூங்கியவர்கள்கூட எழுந்துவிடுவார்கள். மனைவி போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. சனிக்கிழமையானால் இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார்.

"பெரியவங்க பாடணும்னுதானே இத்தனை பாடு? பக்கத்துல நிக்கிற ஐயா குரலே கேக்கல. நீ மட்டும் கேட்டாப் போதுமா?"

"விடும்மா, சின்னப் பொண்ணு," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், கரகரவென்று. கொஞ்ச நாளாகவே அவருக்குத் தொண்டைக் கட்டு. "சத்தமா வாசிச்சாத்தான் எனக்கும் உற்சாகம்."

"நீங்க செல்லம் குடுக்காதீங்கய்யா. போன வாரமும் சொன்னேன். செவிடன் காதுல ஊதின சங்கு!" பெண்ணிடம் திரும்பினார். "இன்னிக்கு அடக்கி வாசிக்கலேன்னா அடுத்த வாரம் அந்த ஸ்டூல்ல வேற ஆள் உக்காரும்."

"ஆன்ட்டி, அது வந்து..." பெண் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தாள். மென்று முழுங்கினாள். "சரி ஆன்ட்டி."

"என்ன திமிர் பாரு," என்றது பின்வரிசை.

பாட்டு ஆரம்பித்தது. கீபோர்டு பூனை நடையாக நடந்தது. 'அப்படி வா வழிக்கு' என்று செயலாளரம்மா ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்தார்.

பெரியவர்கள் மட்டும் பாடும் வரி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வாயை அகலத் திறந்தார். தாளம் தப்பவில்லை. ஒரு சொல் விடவில்லை. ஆனால் உதடுதான் அசைந்தது. வந்தது வெறும் காற்று.

செயலாளரம்மா பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். உதட்டை நிறுத்தவில்லை. கண் மட்டும் கதவோரம் கொதித்துக்கொண்டிருந்த டீ பாத்திரத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

பெண்ணின் கை வால்யூம் பொத்தான்வரை போய், பாதியில் திரும்பியது.

செயலாளரம்மா படாரென்று கைதட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"ஏம்மா கீபோர்டு, காலையில சாப்பிடலையா? ஒரு இழவும் காதுல விழல. பழையபடி நல்லா அழுத்தி வாசி!"