முதுகுப் பக்கத்து அலை

அலையின் உச்சியில் படகுக்குக் கீழே தண்ணீர் இல்லை.

எஞ்சின் வெறும் காற்றில் அலறியது. அவள் வேகத்தைக் குறைக்க த்ராட்டிலை லேசாக இழுத்தாள். படகு விழுந்தது. விழுந்த கையோடு மறுபடி முன்னால் தள்ளினாள்.



பக்கத்தில் அப்பா. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். ஆயுசு முழுக்க ஆழ்கடலில் விசைப்படகு ஓட்டியவர். இந்தத் துக்கடா படகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்ற கடுப்பு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

மீனவர் சங்கம் வாங்கிய மீட்புப் படகு இது. கடலில் படகு கவிழ்ந்து தத்தளிப்பவனிடம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு வேகம்.

ஓட்டுவதற்குப் பயிற்சி முடித்து வந்து நின்றவள் அவள் ஒருத்திதான். பொம்பளைப் பிள்ளையா என்று சங்கத்தில் ஒரே முனகல். எல்லோரையும்விடச் சத்தமாக வேண்டாம் என்றவர் அவளைப் பெற்றவர்.

அதனாலேயே தலைவர் வியாகப்பன் அவரையே அவளோடு அனுப்பிவிட்டார். ஆனி மாசக் கடலில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள், அப்பனே வந்து சொல்லட்டும் என்று.

அப்பா தலையாட்டினால் படகு அவளுக்கு. இல்லையென்றால் வெளியூர் ஆளுக்கு.

அவளுக்கு இந்தப் படகு வேண்டும். இதுவரை எதையும் இப்படி ஆசைப்பட்டதில்லை. கல்யாணப் பட்டுச் சேலையைக்கூட.

இரண்டு அலைகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தது. சட்டென்று படகைத் திருப்பினாள்.

இனிதான் கஷ்டம்.

போகும்போது அலை முகத்துக்கு நேரே வரும். பார்த்துக்கொள்ளலாம். திரும்பும்போது முதுகுப் பக்கம் வரும்.

முன்னால் போகிற அலையின் மேலேயே தொற்றிக்கொண்டு போக வேண்டும். அதைத் தாண்டினால் படகின் மூக்கு தண்ணீரில் குத்தும். தயங்கினால் பின்னால் வருவது உள்ளே ஏறிவிடும்.

போன வாரம் அவள் கை பயந்து வேகத்தைக் குறைத்தது. முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. வீட்டில் மூச்சு விடவில்லை.

துறைமுக வாய் தெரிந்தது. இரண்டு பக்கமும் கறுத்த பாறைகள். நடுவில் நுரை.

"கொறை பிள்ளே! கொறை!"

அவருடைய கனத்த படகில் அதுதான் சரி. அலைக்கு வழிவிட்டு, அது போன பிறகு மெதுவாகப் போவார். இது அவருடைய படகு இல்லை.

"கொறைன்னு சொல்லுதேன்லா!"

"சும்மா இருங்கப்பா!"

பிறந்ததிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கை குறைக்கவில்லை.

அவர் அசைவது கடைக்கண்ணில் தெரிந்தது. கம்பியில் ஒரு கையை மாற்றினார். முட்டி போட்டு மெல்லத் திரும்பினார். பாறைக்கும் நுரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

"பின்னால பெருசா ஒண்ணு வருது."

அவ்வளவுதான். குறை என்று சொல்லவில்லை. கூட்டு என்றும் சொல்லவில்லை.

விசைப்படகில் வேலை செய்கிற ஆட்கள் ஸ்ராங்கிடம் அப்படித்தான் சொல்வார்கள். கண்டதைச் சொல்வது அவர்கள் பாடு. என்ன செய்வது என்பது படகை ஓட்டுகிற ஸ்ராங்கின் பாடு.

அவள் தள்ளினாள்.

படகின் பின்பக்கம் தூக்கியது. பாறைகள் இரண்டு பக்கமும் விசுக்கென்று போயின. காதுக்குப் பின்னால் எங்கேயோ அந்த அலை உடைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு தண்ணீர் தட்டையாகிவிட்டது.

  அவளுக்கு அவள்மேலேயே அப்படி ஒரு பெருமை வந்தது. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் அப்பா இருக்கிறாரே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

துறைமுக மேடையில் பாதி ஊர் நின்றது. வியாகப்பன் விளிம்புக்கே ஓடி வந்தார். அவளைப் பார்க்கவேயில்லை.

"என்ன ஓய், பிள்ளை ஓட்டுவாளா, மாட்டாளா?"

அப்பா இடுப்பில் கட்டியிருந்த நனைந்த சாரத்தை நிதானமாகப் பிழிந்தார்.

"எனக்கிட்ட என்னத்துக்குக் கேக்குதீரு? நான் கூடப் போன ஆளு. ஸ்ராங்கு அங்க நிக்கா, கேளும்."



அவர் குனிந்து கயிற்றுச் சுருளை எடுத்தார். எந்தத் தூணில் கட்ட வேண்டும் என்று அவள் சொல்வதற்காகக் காத்து நின்றார்.