ஒரே பெட்டியில் இருந்தவர்கள்

மருந்து அலமாரியின் மேல்தட்டில் பொட்டாசியக் குப்பியும் கீழ்த்தட்டில் தண்ணீர்க் குப்பியும் இருந்தன. இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். முன்பெல்லாம் ஒரே பெட்டியில் ஒட்டி உட்கார்ந்து கதை பேசியவை.

"அந்த நாள் திரும்பி வருமாடா?" என்று தண்ணீர் அடிக்கடி ஏங்கும்.

அலமாரியைத் துடைத்த அன்று, யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

"இளைச்சுப் போயிட்டியே!" என்றது தண்ணீர்.

"மூடின குப்பிடா நான். எப்படி இளைப்பேன்?"

இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஜெசிந்தா வந்தாள். எட்டாம் கட்டில் பிள்ளைக்கு ஊசிப் பொடியைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். அவள் கையில் பொட்டாசியம் வந்தது.

"ஐயோ, நான் இல்லை! நான் நேரே நரம்பில் ஏறினால் பிள்ளையின் இதயம் நின்றுவிடும்!"

குப்பியின் கத்தல் மனிதக் காதுக்கு எட்டவில்லை. ஆனால் குப்பியின் கழுத்தை உடைக்கும் முன், ஜெசிந்தா வழக்கம்போல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் படித்தாள். அவள் முகம் வெளிறியது. பொட்டாசியத்தை மேல்தட்டில் ஏற்றினாள். தண்ணீரை எடுத்து, அதையும் படித்தாள்.

"போயிட்டு வரேன்டா," என்றது தண்ணீர்.

"சீக்கிரம் போ. பிள்ளை காத்திருக்கு."

மேலிருந்து எட்டாம் கட்டில் நன்றாகத் தெரிந்தது. ஊசி போட்டபின் பிள்ளை உறங்கினான். அவன் மார்பு ஏறி இறங்குவதையே பொட்டாசியம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.