காவல் குருவி

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல பைனாகுலரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்காதீங்க. ஆடிட்டர்னு சொல்லியிருக்கோம், ஒற்றன்னு நினைச்சுக்கப் போறாங்க,” என்றாள் மனைவி.

ஆடிட்டர் அதைக் கழற்றவில்லை. சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். நெஞ்சு ஒரு பக்கம் வீங்கினாற்போல இருந்தது.

கொல்லைப்புறம் அவருடைய சமஸ்தானம். அங்கே துணி உதறக் கூடாது, தும்மக் கூடாது. கொய்யா மரத்துத் தவிட்டுக் குருவிகள் கோபித்துக்கொள்ளுமாம். கூட்டமெல்லாம் தரையில் சருகைக் கிளறி மேயும்போது ஒன்று மட்டும் உச்சாணிக் கிளையில் காவல் நிற்கும். புது ஆளின் தலை தெரிந்தால் போதும், கத்திக் கத்தி ஊரைக் கூட்டிவிடும். பழகிய ஆள் என்றால் கண்டுகொள்ளாது.

“வாரம் தவறாம வர்ற என் தங்கச்சியைப் பார்த்தே இன்னும் கத்துதுன்னா பார்த்துக்கோ.”

“உங்க தங்கச்சியைப் பார்த்தா எனக்கும் கத்தணும்போலதான் இருக்கும்.”

அவருக்குக் காது கேட்காத நேரங்கள் உண்டு. இது அதில் ஒன்று.

மகளுக்கு வந்த வரன்களை எல்லாம் அவரே தட்டிக் கழித்திருந்தார். ஒருவனுக்குத் தொப்பை, ஒருவனுக்குக் கையெழுத்து சரியில்லை. சரி, அவளாக யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்றால் அதுவும் ஆகாது. காதல் கீதல் என்று எவனாவது வாசல் ஏறினால் கதவைச் சாத்திவிடுவதாகச் சபதமே போட்டிருந்தார். “இதுவும் போச்சுன்னா இனிமே கல்யாணப் பேச்சையே எடுக்காதீங்கப்பா,” என்று மகள் காலையில்தான் சொல்லியிருந்தாள். அதிலிருந்து மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வந்தவன் பல் டாக்டர். தரகர் கொண்டுவந்த வரன். அம்மாவோடு வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் அடக்கமாகப் பதில் சொன்னான். ஆடிட்டர் எவ்வளவோ துருவிப் பார்த்தும் குறை ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

“ரெண்டு பேரும் பின்னாடி போய்க் கொஞ்சம் பேசிட்டு வரட்டுமே,” என்றாள் மனைவி.

“குருவி கலாட்டா பண்ணும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

அவர்கள் போனதும் சமையலறை ஜன்னலில் பைனாகுலரோடு பதுங்கினார். டாக்டர் கொல்லையில் காலை வைத்தான். காவல் குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு நிதானமாக இறகைக் கோதிக்கொண்டது. கீழே மேய்ந்தவை நகரக்கூட இல்லை. ஒன்று தத்தித் தத்தி வந்து அவன் பாதத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

ஆடிட்டர் பைனாகுலரை இறக்கினார். ஊரான் கணக்கையெல்லாம் குடைந்தவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டார். மகளை உள்ளே கூப்பிட்டார்.

“எத்தனை நாளா நடக்குது?”

“எதுப்பா?”

“தரகரை முன்னாடி விட்டு நாடகமா ஆடுறீங்க? அந்தப் பையன் இந்தக் கொல்லைக்குப் புதுசு இல்ல. குருவி சொல்லுது.”

“இன்னிக்குத்தான்பா அவரை நேர்லயே பார்க்கிறேன்.” மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னைவிட ஒரு குருவியை நம்புறீங்களா?”

அவர் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டினார். “சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டு வர்றேன்,” என்று கிளம்பியவரை, காலித் தட்டோடு உள்ளே வந்த மனைவி மறித்துக்கொண்டாள்.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவரை வரவெச்சது நான்.”

“நீயா?”

“மெதுவா. அவங்கம்மா கூடத்துல இருக்காங்க. எனக்குப் பல் வலிச்சப்போ டாக்டர்கிட்ட கூட வாங்கன்னேன். கூட்டுல குஞ்சு பொரிக்குது, நகர முடியாதுன்னீங்க. தனியாப் போனேன். பொறுமையா, அன்பா வைத்தியம் பார்த்தாரு. நம்ம பொண்ணு போட்டோவைக் காட்டினேன், பிடிச்சிருக்குன்னாரு. அது மட்டும் போதாது தம்பின்னுட்டேன்.”

“போதாதுன்னு?”

“நீங்களும் இவளும் ஆபீஸ் போனதும் மத்தியானம் வரச் சொல்லி, கொல்லையைப் பெருக்க விட்டேன். தொட்டி கழுவ விட்டேன். வேணும்னே குறை சொல்லித் திரும்பக் கழுவ விட்டேன். மாசக்கணக்கா ஒரு நாள்கூட முகம் சுளிக்கலை. அப்புறம்தான் தரகரையே அனுப்பினேன்.”

“கட்டிக்கப் போறவனை இப்படியா சோதிப்பாங்க? உலகத்துல இல்லாத வழக்கமா இருக்கே.”

மனைவி தட்டை மேடையில் வைத்தாள்.

“எங்கப்பா உங்களை அரை மணி நேரம்தான் பார்த்தாரு, உடனே என்னைக் கட்டிக் கொடுத்துட்டாரு. அந்தத் தப்பை நானும் பண்ணக் கூடாதுல்ல?”