ஒரு நிமிஷ ஜபம்

கரமனை அக்ரஹார சங்கத்தில் சி.பி.ஆர். முதலுதவி வகுப்பு. சூடாமணி மாமி பொம்மையின் மார்பை நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஸ்பீடு போரா மாமி, இன்னும் வேகமா," என்றாள் நர்ஸ் ஜினு.

அடுத்தது மாமியின் கணவர் அனந்தபத்மநாபன். ஓர் அழுத்தலுக்கு ஒரு ராமனாக, அவர் உதடு "ராம, ராம" என்று முணுமுணுத்தது. மாமிக்கு மானமே போயிற்று.

"இவருக்கு எல்லாத்துலயும் அவசரம். ஜபத்தையே ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டு காப்பி கேக்கறவர்," என்றாள் ஜினுவிடம்.

ஜினு கடிகாரத்தைப் பார்த்தாள். "நிமிஷத்துக்கு நூறுலேர்ந்து நூத்தியிருபது அழுத்தணும். மாமா கரெக்டா நூத்தெட்டு. கைக்குழந்தைக்கும் இதே ஸ்பீடுதான்."

மாமி குழந்தைப் பொம்மையின் மார்பில் இரண்டு விரலை வைத்தாள்.

"ஏன்னா, அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ."