பறக்கும் வீரனின் குரல்

“இங்கிலீஷ்ல அவன் சொல்றது ஒண்ணு, இந்த ஆளு தமிழ்ல அவுத்து விடுறது ஒண்ணு,” என்று முணுமுணுத்தார் கிருபாவதி டீச்சர்.

தேனியில் ஒரு கீற்றுக் கொட்டகை. ஜெயமங்கலத்திலிருந்து அறுபது பிள்ளைகளை வீடியோ படம் காட்டக் கூட்டி வந்திருந்தார். வானத்தில் பறந்து கெட்டவர்களை உதைக்கும் வீரனின் கார்ட்டூன். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் வீரன், வில்லன், குழந்தை எல்லாருக்கும் தமிழில் பேசுகிறவர் வைகுண்டராஜ்.

வீரன் கோட்டைக்குள் நுழைந்தான். அப்போதுதான் படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பேசினான்.

“தம்பி, தங்கச்சிகளா, இப்ப நான் வெளிய வந்து பறக்கப் போறேன். முன்வரிசை முதல்ல எந்திரிங்க. பக்கத்துப் பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டுக்கு அங்கிட்டுப் புளிய மரத்தடிக்குப் போங்க. ஓடக் கூடாது. திரும்பிப் பார்த்தா என் சக்தி போயிரும்.”

டீச்சர் திகைத்துப் போனார். திரையில் வீரன் வாயையே திறக்கவில்லை. தடுப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அவரும் அதோடு வெளியே வந்தார்.

டி.வி. பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கும் பேச்சிமுத்து நின்றிருந்தான். டீச்சர் அவனிடம் பாய்ந்தார்.

“பாதிப் படத்துல எழுப்பி விட்டுட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஆள் ஏத்தப் போறீகளோ? பச்சப் பிள்ளைகளை இப்படியா ஏமாத்துறது?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். வைகுண்டராஜ் அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல.”

“நானே கேட்டுக்கிறேன்.”

கடைசிப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்க, டீச்சர் உள்ளே போனார். இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கக் கூரை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து டீக்கடை அடுப்பிலிருந்து பொறி பறந்திருக்க வேண்டும். அதன் அடியில், தோளில் விழும் தணலை ஒரு கையால் தட்டிக்கொண்டே, வைகுண்டராஜ் பேசிக்கொண்டிருந்தார். குரலில் நடுக்கமே இல்லை.

“பச்சைப் பாவாடைத் தங்கச்சி, நீயுந்தான். மெதுவா நட.”

டீச்சர் அந்தப் பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடினார். பின்னாலேயே வைகுண்டராஜும் வந்து விழுந்தார். கொட்டகை சரிந்தது.

பேச்சிமுத்து அவர் தோளில் தண்ணீரை ஊற்றினான். தோல் வழன்றிருந்தது. டீச்சர் அவர் பக்கத்தில் குனிந்தார்.

“தீப்பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க.”

வைகுண்டராஜ் இருமி இருமிச் சொன்னார்.

“சொல்லியிருந்தா அறுபது பிள்ளைகளும் ஒண்ணா ஓடியிருக்கும். வாசல் ஒண்ணுதான டீச்சர்.”