எட்டு மணிக்கே வந்தவன்

"டிவி எனக்கு. மைவி காடி எனக்கு. புது சோபாவும் எனக்குத்தான்!"

மேசையில் ஓங்கி அடித்தான் மோகனராஜ். ஜார்ஜ் டவுனில் அந்த வக்கீல் அலுவலகம் இருந்த பழைய கட்டடமே ஆடியது. கீழே நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாராம்.

"எடுத்துக்கட்டும்லா," என்றாள் ஜெகதீஸ்வரி, முறுக்கைக் கடித்தபடி.

வக்கீல் நஸீஹா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன காரணத்துக்குப் பிரியறீங்க?"

"இவ நச்சரிப்பு தாங்கல மேடம்!"

"இவரோட 'நாளைக்கு' தாங்கல மேடம்," என்றாள் அவள். "பைப்பு ஒழுகுதுன்னா, நாளைக்கு. ஒழுகி ஒழுகி இப்ப குசினியிலயே மீன் புடிக்கலாம். ஃபேன் சுத்தலன்னா, நாளைக்கு. கிஷனுக்கு ஆறு வயசாச்சு. அவன் பொறந்தப்ப வாங்கின தொட்டிலை இன்னும் பெட்டியிலேருந்து பிரிக்கல!"

"விவாகரத்துக்கு மட்டும் நாளைக்குன்னு சொன்னேனா? எட்டு மணிக்கே வந்து நிக்கல?"

அது உண்மை. அலுவலகப் பூட்டைத் திறக்க வந்தவர்கள், இவனைக் கண்டு யாரோ புது வாட்ச்மேன் என்று நினைத்தார்கள். வேலைக்குப் போகும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸை இவன் ஒரு நாளும் துரத்தாமல் பிடித்ததில்லை.

"சரி, சாமான் பேசியாச்சு. பிள்ளை?"

மோகனராஜின் சத்தம் பொசுக்கென்று அடங்கியது.

"கிஷன் என்கூட இருக்கணும் மேடம். இல்லன்னா… சனி ஞாயிறாவது. என் நெஞ்சு மேல படுத்தாதான் அவன் தூங்குவான். எனக்கும் அப்பதான் தூக்கம் வரும். டிவி, சோபா எல்லாத்தையும் அவளே வச்சுக்கட்டும்."

ஜெகதீஸ்வரி அடுத்த முறுக்கை எடுத்தாள்.

"பாருங்க, வாயைத் திறக்கறாளா? நான் கோர்ட்டுல பாத்துக்கறேன். பெத்த அப்பனுக்கு உரிமை இல்லையா?"

"கேட்டுடலாம்." நஸீஹா பேனாவைத் திறந்தார். "கல்யாணம் எங்க நடந்துச்சு?"

"தண்ணீர்மலை முருகன் கோயில்ல!" மோகனராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பினாங்குல பாதிப் பேர் வந்துட்டாங்க மேடம். வராத பாதிக்கு மறுநாள் சாப்பாடு அனுப்பினோம். மூணு செட்டு நாதஸ்வரம்!"

"சந்தோஷம். ரெஜிஸ்டர் பண்ணது எப்போ?"

மோகனராஜ் மெல்லத் திரும்பி ஜெகதீஸ்வரியைப் பார்த்தான். அவள் விரலில் ஒட்டிய எள்ளைத் தட்டிவிட்டாள்.

"சொல்லுங்க. நானும் ஏழு வருஷமா அதைத்தானே கேக்கறேன்? கிஷனுக்குப் பொறப்புப் பத்திரம் எடுக்கப் போனப்பகூட அந்தக் கவுண்டர்ல கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணச் சொன்னாங்க. நீங்க கையெழுத்தைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க."

"அன்னிக்குக் கூட்டமா இருந்துச்சு ஈஸ்வரி… அப்புறமா போலாம்னு…"

நஸீஹா பேனாவை மூடினார். "அப்படின்னா சட்டத்துக்கு நீங்க புருஷன் பெண்டாட்டியே இல்ல. விவாகரத்தே தேவையில்ல, இவங்க இப்பவே எழுந்து போகலாம். பிள்ளையும் இவங்களுக்குத்தான். உங்களுக்கும் உரிமை வேணும்னா, முதல்ல இவங்களைக் கட்டிக்கணும். கட்டினா ரெண்டு வருஷத்துக்கு விவாகரத்துன்னு வாய் திறக்க முடியாது."

மோகனராஜ் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. விவாகரத்து கேட்டு எட்டு மணிக்கே வந்தவன், அதே அறையில், அதே வக்கீலைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பெண் கேட்க ஆரம்பித்தான்.

"ஈஸ்வரி, என்னைக் கட்டிக்கிறியா? இன்னிக்கே போய்ப் பேரு குடுத்துடலாம். இப்பவே! கவுண்டர் மூடறதுக்குள்ள!"

ஜெகதீஸ்வரி மேசைமேல் கிடந்த மைவி கார்ச் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குப் பாக்கலாம்லா."