மேல் பஞ்சமம்

ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேடையில் அவளுடைய குரு மங்களாம்பிகை அம்மாளின் படம், மாலையோடு. ஓடிய பதிவு அம்மாவின் கடைசிக் கச்சேரி. சபா செயலாளர் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தார். குரல் விறுவிறுவென்று ஏறி, மேல் பஞ்சமத்தைத் தொட்டு, அங்கேயே நின்றது.

தலைகள் ஆடின.

"எழுபத்தெட்டு வயசுல இப்படி நிக்குதுங்களே," என்றார் செயலாளர்.

கடைசி ஆறு வருடமாக அம்மாவுக்கு மேலே எட்டவில்லை. அந்த இடம் நெருங்கும்போது இடது கையைப் பின்னால் கொண்டுபோய் முந்தானையைச் சரிசெய்வார். அதுதான் அடையாளம். முதுகுக்குப் பின்னால் தம்புராவோடு இருக்கும் அவள் அந்த இடத்தை எடுத்துக்கொள்வாள். அம்மா வாயை மட்டும் திறந்து வைத்திருப்பார்.

இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

அந்தக் கச்சேரி முடிந்து காரில் திரும்பும்போது அம்மா சொன்னார்: "இன்னைக்குத் தொண்டை நல்லா ஒத்துழைச்சுது, இல்லடி?"

"ஆமாம்மா."

அம்மா என்றால் அவளுக்கு உயிர். அன்று மட்டும் வயிறு எரிந்தது.

இப்போது அவளை அஞ்சலியாக ஒரு பாட்டுப் பாடக் கூப்பிட்டார்கள்.

இருபது வருடத்தில் முதல்முறையாக மேடையில் முன்னால் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே அதே பாட்டை எடுத்தாள். காது என்று ஒன்று இருக்கிறவர்கள் இன்றைக்காவது தெரிந்துகொள்ளட்டும்.

ஏறினாள். பஞ்சமத்தில் போய் நின்றாள். மூச்சு முட்டும்வரை இறங்கவில்லை.

அரங்கம் கப்சிப்பென்று ஆகிவிட்டது.

தெரிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

செயலாளர் மைக்கை வாங்கினார். "அம்மாவை அப்படியே காப்பி பண்ணிட்டாங்க. ஆனாலும் ஒரிஜினல் ஒரிஜினல்தான், இல்லீங்களா?"

கைதட்டினார்கள்.

அம்மா உயிரோடு இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

மாட்டார். தானும் சேர்ந்து கைதட்டியிருப்பார்.

அம்மா போய்ப் பதினாறு நாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. மேடை என்றும் பார்க்காமல் அழுதாள்.

"என்ன ஒரு குருபக்தி, பாருங்க," என்றார் முன்வரிசையில் ஒருவர்.